நாற்பத்தேழாம் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

இருபத்து நான்காம் ஆண்டு முடிந்தது. கண் எரிகிறது. இன்றைய பரிசு இது: "வயலினுக்கு ஈடுகொடுத்து மிருகங்கள் வாசித்தன." மிருதங்கத்தைத்தான் கம்ப்யூட்டர் அப்படிப் படித்து வைத்திருக்கிறது. ஸ்கேன் அண்ணனிடம் காட்டினேன். "சில கச்சேரிக்கு அதுதாம்மா பொருத்தம், விட்டுடு" என்றார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

வங்கி வரிசையில் ஒரு அம்மாள் என்ன வேலை என்று கேட்டாள். அறுபத்தைந்து வருஷமாக வருகிற சங்கீதப் பத்திரிகை. முதல் முப்பது வருஷத்து இதழ்களை இணையத்தில் ஏற்றுகிறோம். அண்ணன் பக்கம் பக்கமாகப் படம் எடுப்பார், கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்கும், அது உளறுவதை நான் திருத்துவேன் என்றேன். "அதையெல்லாம் இனிமே யார் படிப்பாங்க?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஜூலை ஒன்றாம் தேதி திறப்பு. அதற்குள் இன்னும் ஆறு வருஷத்து இதழ்கள் பாக்கி.

ஜூன் 4, புதன்

அப்பா எழுதிவந்த கச்சேரி விமர்சனப் பத்தியைத் தேடிப் பார்த்தேன். "மூன்றாம் வரிசை" என்று அடித்ததும் இருநூற்றுப் பன்னிரண்டு இடம் வந்து நின்றது. எந்த அரங்கமானாலும் மூன்றாம் வரிசையில்தான் உட்காருவார், அதுவே புனைபெயராகிவிட்டது. மேடை ஏறியதும் பாடகர்கள் முதலில் அந்த வரிசையைத்தான் பார்ப்பார்கள் என்று அலுவலகத்தில் இன்னும் சொல்கிறார்கள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். காப்பியை உதட்டருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

"தேடினா எல்லாம் வந்துடுமா?"

"ஒரு எழுத்து விடாம வரும்ப்பா."

"சின்னச் சின்ன அறிவிப்பு கூடவா?"

"அதுவும்தான்."

காப்பியைக் குடிக்கவே இல்லை. எழுபத்தொன்பது வயதில் இதெல்லாம் மலைப்பாக இருக்கும் போல.

ஜூன் 6, வெள்ளி

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "இன்னிக்கு எந்த வருஷம்?"

"இருபத்தஞ்சு முடியப் போகுது."

விரலை மடக்கி எண்ணினார். தாளம் போடுகிற மாதிரிதான் எதையும் எண்ணுவார். இரண்டாவது விரலில் நிறுத்திக்கொண்டார்.

திறப்பு விழாவில் அப்பாதான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியை ஒற்றைக் காலில் நிற்கிறாள். பழைய எழுத்தாளர்களில் உயிரோடு இருப்பது இவர் ஒருவர்தான். பத்தி எழுதியது போக, இருபது வருஷம் உதவி ஆசிரியராகவும் இருந்தவர். பைண்டு செய்த தொகுதிகள் இருக்கும் பீரோவின் சாவி ஓய்வு பெறும் வரை இவரிடம்தான். சொன்னேன். "பாக்கலாம்" என்றார். வழக்கமாக மேடை என்றால் முதல் ஆளாகச் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவர்.

ஜூன் 9, திங்கள்

இன்றும் கேட்டார்.

ஜூன் 12, வியாழன்

இருபத்தாறு முடிந்தது. அடுத்தது இருபத்தேழு. அம்மா போன வருஷம்.

இங்கே எழுதிவிடுகிறேன். எனக்கு ஆறு வயது. அம்மாவுக்கு மூச்சிழுப்பு உண்டு. ஆகஸ்டு இருபத்தெட்டு சாயங்காலம் அது வந்தது, நிற்கவில்லை. அப்பா கச்சேரிக்குப் போயிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். நான் அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டேனாம். விழித்து அழுததைக் கேட்டுத்தான் பக்கத்து வீட்டார் வந்தார்களாம்.

என்னை வளர்த்தது அத்தை. நல்லவள்தான். ஆனால் ஒரு வார்த்தையை மட்டும் விடவே மாட்டாள்: "பத்தடி தூரத்துல பக்கத்து வீடு. போய் ஒரு குரல் குடுத்திருந்தா உங்கம்மா இருந்திருப்பா." திட்ட மாட்டாள், பெருமூச்சுதான் விடுவாள். நான் தட்டினேன், ஒரு பச்சைக் கதவைத் தட்டினேன் என்று அழுவேன். உள்ளே தாளம் போடுகிற சத்தம் கேட்டது என்றும் சொன்னேனாம். அப்பா என்னை மடியில் வைத்துக்கொண்டு, "அது என் ரூம் கதவும்மா. பூட்டிக் கெடந்தது. உள்ள யாரும் இல்ல. கனவு கண்டிருக்கே" என்பார்.

நாற்பத்து நான்கு வயதாகிறது. இன்னும் யார் வீட்டுக் கதவையும் ஒரு தடவைக்கு மேல் தட்ட எனக்கு வராது. போன் செய்துவிட்டுத்தான் போவேன்.

ஜூன் 16, திங்கள்

செப்டம்பர் இதழ். "மூன்றாம் வரிசை" — ஆகஸ்டு இருபத்தெட்டாம் தேதிக் கச்சேரி.

"தோடியை நாற்பது நிமிடம் விரித்தார். அரங்கில் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை." இப்படித் தொடங்குகிறது. மூச்சுவிடும் சத்தம்கூட இல்லையாம். அந்த நேரத்தில்தான் வீட்டில்... இதுவரை நான் இதைப் படித்ததில்லை. வீட்டில் அந்த இதழ் கிடையாது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அண்ணன் டீயை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

"எப்படி இருந்தது?"

நல்லா இருந்ததுப்பா என்றேன். வேறு என்ன சொல்வது? தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். ஏதோ ஒரு கண்டம் தாண்டியவர் மாதிரி இருந்தது அவர் நடை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணன் அந்தக் காலத்தில் இதே பத்திரிகையின் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். இன்று பேச்சுவாக்கில் கேட்டேன்: இருபத்தெட்டாம் தேதி ராத்திரிக் கச்சேரிக்கு ஒன்றாம் தேதி இதழில் எப்படி விமர்சனம் வந்தது?

சிரித்தார். "இருபத்தெட்டு ராத்திரி மெஷின் ஓடியாகணும்மா. எட்டு மணிக்குக் காகிதம் எங்க கைக்கு வரணும். கச்சேரி முடியறதே ஒன்பது. அப்புறம் எப்படி? முன்னாடியே எழுதிடுவாங்க. என்ன பாடப் போறாங்கன்னு பட்டியல் அச்சடிச்சு வந்துடும், யார் எப்படிப் பாடுவாங்கன்னு உங்கப்பாவுக்குத் தெரியாதா? மாசக் கடைசிக் கச்சேரின்னா எல்லாரும் அப்படித்தான். ஆசிரியருக்கே தெரியும்."

எட்டு மணிக்குக் கொடுத்துவிட்டுக் கச்சேரிக்குப் போயிருப்பார். பாதியிலிருந்து கேட்டிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 18, புதன்

அக்டோபர் இதழ். நாற்பத்தாறுக்கு அடுத்து நாற்பத்தொன்பது.

அண்ணன் விட்டுவிட்டார் என்று நினைத்துத் தொகுதியையே கொண்டுவரச் சொன்னேன். விரித்துக் காட்டினார். ஒரு தாள் இல்லை. நடுத்தையல் ஓரத்தில் நூல் அகலத்துக்கு ஒரு நறுக்கு மட்டும் நிற்கிறது.

"எலியா இருக்குமோ?" என்றேன்.

"எலி அடிக்கோல் வெச்சுக் கடிக்காதும்மா."

இதுவரை பார்த்த தொகுதிகளில் வேறு எங்கும் இப்படி இல்லை. பூச்சி அரித்திருக்கிறது, ஈரம் பட்டிருக்கிறது, யாரோ வெற்றிலைக் கறை மாதிரி மையைக் கொட்டியிருக்கிறார்கள். பிளேடு போட்டது இது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்தேன். அப்பா கேட்டார்: "அக்டோபர் முடிஞ்சுதா?"

இதுவரை எந்த வருஷம் என்றுதான் கேட்பார், மாதத்தைக் கேட்டதே இல்லையே.

"முடிஞ்சுதுப்பா."

"எல்லாப் பக்கமும் இருந்ததா?"

"இருந்தது" என்றேன். ஏன் பொய் சொன்னேன்?

ஜூன் 19, வியாழன்

டிசம்பர் இதழின் கடைசியில் அந்த வருஷத்துக்கான அட்டவணை இருக்கிறது. எல்லா வருஷமும் இருக்கும். அதில் ஒரு வரி: "திருத்தமும் வருத்தமும் — மூன்றாம் வரிசை பற்றி — அக்டோபர், பக். 47."

தாளை எடுத்தவர் அட்டவணையை மறந்துவிட்டார். மெய்ப்புப் பார்ப்பவளுக்கு இந்த மாதிரி மறதிதான் சோறு போடுகிறது.

இசைக் கல்லூரி நூலகத்தில் இன்னொரு முழுத் தொகுதி இருக்கிறது. அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி நூலகருக்கு எழுதினேன்.

ஜூன் 21, சனி

பதில் இல்லை. அப்பா சாப்பிடும்போது என்னையே பார்க்கிறார். நான் நிமிர்ந்தால் தட்டைப் பார்க்கிறார். வீட்டில் கடிகாரச் சத்தம் இவ்வளவு பெரிதாக இருந்ததா?

ஜூன் 23, திங்கள்

வந்துவிட்டது. நான்கு வரி.

"சென்ற இதழ் 'மூன்றாம் வரிசை'யில் ஆகஸ்டு 28ஆம் தேதிக் கச்சேரி பற்றி வெளியான விமர்சனத்துக்கு வருந்துகிறோம். பாடகியின் தொண்டைக் கட்டு காரணமாக அன்று கச்சேரி நடைபெறவில்லை. மாலை ஐந்து மணிக்கே அரங்க வாசலில் அறிவிப்பு வைக்கப்பட்டது. விமர்சகரின் குடும்பத்தில் அதே நாளில் நேர்ந்த துயரத்தை முன்னிட்டு வாசகர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம்."

பொறுத்துக்கொண்டார்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவரை யார் என்ன கேட்பார்கள்? அத்தை சங்கீதப் பத்திரிகையைக் கையால் தொட்டதில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு எங்கள் வீட்டில் அப்பா என்ன சொன்னார் என்று தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருஷமாக இல்லை.

அப்பா கச்சேரிக்குப் போகவில்லை. போயிருந்தால் வாசலிலேயே அறிவிப்பைப் பார்த்திருப்பார், விமர்சனத்தை நிறுத்தியிருப்பார். போகவே இல்லை. அப்படியானால் எங்கே இருந்தார்?

எழுதிக்கொண்டிருந்தார். எங்கே எழுதுவார்?

ஐயோ.

ஜூன் 24, செவ்வாய்

அத்தைக்குப் போன் செய்தேன்.

"அந்த வீட்ல அப்பா எழுதற ரூம் கதவு என்ன கலர் அத்தை?"

"பச்சை. எதுக்குடி இப்போ?"

"அந்த ரூமுக்குப் பூட்டு உண்டா?"

"பூட்டு ஏது? உள்பக்கம் தாழ்ப்பாள்தான். உங்கப்பா எழுத உக்காந்தா போட்டுக்குவாரு. ஏன், என்னாச்சு? குரல் ஒரு மாதிரி இருக்கே?"

ஒன்றுமில்லை என்றேன். பூட்டிக் கிடந்ததாம். வெளியிலிருந்து பூட்ட முடியாத கதவு பூட்டிக் கிடந்ததாம்.

ஜூன் 25, புதன்

கேட்டுவிட்டேன். பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடி போடாமலே என்னவென்று தெரிந்துகொண்டார்.

"அன்னிக்கு எங்கப்பா இருந்தீங்க?"

"வீட்ல" என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "எட்டு மணிக்கு அச்சகத்துல குடுக்கணும். எட்டு வரைக்கும் கதவைத் தட்டாதேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிட்டுத் தாழ்ப்பாள் போட்டேன். அவ தட்டல."

"நான் தட்டினேன்."

"கேட்டுச்சு."

"கேட்டுச்சா?"

"ரெண்டு வரிதான் பாக்கி இருந்தது."

அவர் குரலில் அழுகை இல்லை, எதுவுமே இல்லை. இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் என்று தெரிந்தது. முடித்துவிட்டு வெளியே வந்தாராம். நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம். அம்மாவுக்கு முடிந்திருந்தது. கையில் காகிதம். "என்ன செய்யறதுன்னே தெரியல. கால் தானா அச்சகத்துக்குப் போச்சு. குடுத்துட்டேன். திரும்பி வர்றப்போ தெரு பூரா நம்ம வீட்டு வாசல்ல நிக்குது. கச்சேரியிலேருந்து வர்றீங்களான்னு யாரோ கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அந்த ஒரு ஆமாதாம்மா."

"அத்தை என்னைச் சொல்லும்போதெல்லாம் நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"நீ கொழந்தை. மறந்துடுவேன்னு நெனச்சேன்."

மறந்துடுவேனாம்! கனவும்மா, கனவும்மா என்று தலையைத் தடவிக் கொடுத்தாரே, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

சமைத்து வைத்துவிட்டுப் போகிறேன். பேசுவதில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆசிரியைக்குப் பக்கம் கிடைத்த விஷயம் தெரிந்துவிட்டது. முழுக் கதையும் தெரியாது. நடக்காத கச்சேரிக்கு விமர்சனம் என்ற மட்டில் தெரியும். "அப்பா மேடைக்கு வர்ற நாள்ல இது எதுக்கு? 'இப்பக்கம் கிடைக்கவில்லை'ன்னு போட்டுடலாமே. உங்க இஷ்டம்" என்றாள். என் இஷ்டமாம்.

சாயங்காலம் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அப்பா வந்து தட்டினார். "அந்தப் பக்கம் மட்டும் வேண்டாம்மா." அரை மணி கழித்து மறுபடி, அதே வார்த்தை. திறக்கவில்லை.

ஜூன் 28, சனி

இன்று இரண்டு தடவை.

ஜூன் 29, ஞாயிறு

மாலை ஆறரை. அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்பத்தேழாம் பக்கம் தயாராக இருக்கிறது. நாளை ஒரு நாள்தான் பாக்கி.

அதைப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அம்மாவைப் பற்றி அதில் ஒரு துயரம் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பச்சைக் கதவைப் பற்றி இல்லை. ஆனால் நான் கனவு காணவில்லை என்பதற்கு உலகத்தில் இருக்கிற சாட்சி அந்த நான்கு வரிதான். அதை என் கையாலேயே இல்லை என்று போட வேண்டுமா?

தட்டுகிறார். வந்துவிட்டார், ஐந்தாவது தடவை.

தட்டட்டும். கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

இந்தத் தடவை பேசவில்லை. வெறும் தட்டல். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எழுதுகிறவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம்தானே? அவர் போட்டதுதானே?

மறுபடி. இதை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அத்தைக்குச் சொல்வதா என்று யோசிக்க வேண்டும். பக்கம் போகட்டும், அத்தையாவது ஒரு தடவை என்னிடம்

இன்னும் போகவில்லை. மெதுவாகிவிட்டது. இப்போது சத்தம் கதவின் கீழ்ப்பாதியிலிருந்து வருகிறது. குனிந்து நின்று எதற்குத் தட்ட வேண்டும்? ஆறு வயதுக் குழந்தைக்குக் கை எட்டுகிற உயரத்

ஜூலை 1, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. வலது கை, வலது கால் இல்லை. பேச்சு இல்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள்.

"விழுந்து எவ்வளவு நேரம் கழிச்சுப் பாத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பேச்சாவது தப்பியிருக்கும், அதான் கேக்கறேன்."

"தட்டினதும் திறந்துட்டேன் டாக்டர்."

யோசிக்கவே இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

அத்தை ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இருந்ததால உசிராவது தங்குச்சு. கேட்டதும் ஓடி வந்திருக்கே. அன்னிக்கு உங்கம்மாவுக்குத்தான் அப்படி ஒரு ஆள் வீட்ல இல்லாமப் போச்சு." நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக அவள் வாயால் எனக்கு ஒரு நல்ல வார்த்தை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் இங்கிருந்தே பக்கத்தை ஏற்றிவிட்டேன். பதினொரு மணிக்கு ஆசிரியையே பொத்தானை அழுத்திவிட்டாளாம்.

ஜூலை 3, வியாழன்

அப்பா என்னையே பார்க்கிறார். இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுகிறார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி இரண்டு. "தாளம் போடறாரு பாருங்க, நல்ல அறிகுறி" என்றாள் நர்ஸ். நானும் சிரித்து வைத்தேன். எவ்வளவு நேரம் தட்டினார் என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவரால் இனி சொல்ல முடியாது.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எழுதியதை எடுத்துப் படித்தேன். முதல் தட்டலுக்குப் பிறகு நான் எத்தனை வரி எழுதியிருக்கிறேன் என்று எண்ணினேன். அவருக்கு இரண்டு. எனக்குப் பத்துக்கு மேல் வருகிறது.

இந்த நோட்டில் பக்க எண் கிடையாது. ஒரு தாளை எடுத்தால் யாருக்கும் தெரியாது. பிளேடும் மேஜையிலேயே இருக்கிறது. உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பேனாவால் எண் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறில் ஆரம்பித்து இருபத்தேழில் பாதியில் நிற்கிறது. இது இருபத்தொன்பது.